நல்லமிளகு போட்ட கார்டு

எங்கள் மணலிக்கோணத்தில் கிறிஸ்துமஸ் கார்டெல்லாம் முளைத்துக் கொடி வீசிய வருஷத்தில், அதை முதன்முதல் பார்த்தது தான்தான் என்று பாஸ்டரம்மா சொல்லிக்கொண்டு நடக்கிறாள், அது சுத்தப் பொய், முதலில் பார்த்தவள் நான். எதையும் முதலில் பார்க்கிற கண்ணும், பார்த்ததை உள்ளே வைத்துக்கொள்ள முடியாத வாயும் எனக்கு உண்டென்று ஊரே சொல்லும். என் வீட்டுக்காரர் தவசிமுத்து சபைக் கோயிலில் மணியடிக்கிறவர், அதிகம் பேசமாட்டார், அதனால் எங்கள் வீட்டுக்கு உண்டான பேச்சையெல்லாம் நான் ஒருத்தியே பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலையில் முன்னறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். தலைக்குமேல் நூலில் தொங்கிய கார்டுகளில் ஒன்று, ஹெட்மாஸ்டர் வீட்டிலிருந்து வந்த பாகல் கொடி போட்ட கார்டு, ஓரத்தில் ஒரு பச்சைச் சுருளை வெளியே நீட்டிக் காற்றில் எதையோ துழாவிக்கொண்டிருந்தது. விரலைக் கொண்டுபோனேன், சுற்றிக்கொண்டது. பைய எடுத்து ஜன்னல் கம்பியில் விட்டுவிட்டு அரிசி களையப் போனேன், விருந்தாளிகள் இருக்கிற வீட்டில் காலையில் அதையே பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா?

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வருகிற கார்டுகளை நாங்கள் பெட்டிக்குள் வைப்பதில்லை, முன்னறையில் சுவருக்குச் சுவர் நூல் கட்டித் துணி காயப்போடுவதுபோல வரிசையாகத் தொங்கவிடுவோம், வருகிறவர்கள் காப்பியைக் குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்து யார் போட்டிருக்கிறார்கள், யார் போடவில்லை என்று மனசுக்குள் குறித்துக்கொள்வார்கள். எதிர்வீட்டுக்குப் போடுவதென்றாலும் தபாலில்தான் போட வேண்டும், கையில் கொடுத்தால் அது கார்டில்லை, நோட்டீஸ். இன்னொரு வழக்கமும் உண்டு, அதை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். வந்த கார்டு கொள்ளாம், நன்றாகத்தான் இருக்கிறது என்று பட்டால் உள்ளே எழுதியிருக்கிற பெயரைப் பிளேடால் சுரண்டி, அதன்மேல் நம் பெயரை எழுதி வேறொரு வீட்டுக்குப் போட்டுவிடுவோம். நானும் செய்திருக்கிறேன், நல்ல கார்டு வீணாய்ப் போகக் கூடாதில்லையா?

அந்தக் கார்டெல்லாம் செய்தவள் ரெத்தினபாய். அவள் வீட்டைச் சுற்றின விளையில் கொஞ்சம் ரப்பர் மரம் நிற்கிறது. பாலை உறையவைத்து ஷீட்டாக்கும்போது, அது முழுக்க இறுகும் முன்னால், ஒரு இலையை நரம்புப் பக்கம் கீழே வரும்படி வைத்து உள்ளங்கையால் அமுக்குவாள், காய்ந்தபிறகு அந்தத் தடத்தைப் பிடித்துப் பிளேடால் வெட்டி மரக்கட்டையில் ஒட்டினால் சீல் ஆயிற்று. மரம், செடி ஒன்றும் வெட்டமாட்டாள், கொடி மட்டும்தான், ஏனென்றால் கார்டின் ஓரத்தைச் சுற்றிப் போடக் கொடிதான் வாகு, ஒரே சீலை நேராக ஒரு குத்து, திருப்பி ஒரு குத்து என்று போட்டுக்கொண்டே போனால் மூலையில் தானாக வளைந்து திரும்பும். பெண்கள் ஐக்கிய சங்கத்து ஸ்டாலில் போய்க் கார்டு கேட்டால் யாருக்கு அனுப்பப் போகிறாய் என்று கேட்டுவிட்டு, அந்த ஆளுக்கு எந்தக் கொடி பொருத்தம் என்று அவளே எடுத்துத் தருவாள். எனக்கு அனுப்ப வந்தவர்களுக்கெல்லாம் வருஷா வருஷம் பாகல்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

நல்லமிளகுக் கொடி போட்ட சீல் ஒன்று வைத்திருந்தாள், அதை மட்டும் யாருக்கும் எடுத்துக் கொடுக்கமாட்டாள். அது அவளுடைய தங்கை ஸ்டெல்லாபாய்க்கு.

ஸ்டெல்லா குவைத்தில் நர்ஸாக இருந்தாள். அவர்கள் அம்மை படுக்கையில் விழுந்து வருஷக்கணக்காகக் கிடந்தபோது, மலமும் மூத்திரமும் அள்ளி, கஞ்சி கொடுத்து, முதுகு புண்ணாகாமல் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்துப் பார்த்தது ரெத்தினபாய். ஸ்டெல்லா லீவு கிடைக்கும்போது வந்து அம்மையின் கன்னத்தில் முத்தம் கொடுத்து அழுதுவிட்டுப் போவாள். அம்மை இறந்ததும் விமானம் பிடித்துத் திருவனந்தபுரத்தில் இறங்கி டாக்சியில் வந்துகொண்டிருந்தாள், களியக்காவிளை தாண்டிவிட்டேன், மார்த்தாண்டம் தாண்டிவிட்டேன் என்று போன் வந்துகொண்டே இருந்தது. முற்றத்தில் சவப்பெட்டி திறந்திருந்தது, வானம் இருட்டிக்கொண்டு நின்றது, பாஸ்டர் ரெத்தினபாயைப் பார்த்தார், அவள் “மழ வருது, மூடுங்க” என்றாள். மூடி ஆணி அடித்துத் தூக்கிவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் டாக்சி வந்து நின்றபோது மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா அழவில்லை. அக்காவைப் பார்த்து, “கொஞ்சம் பொறுக்கப்பிடாதா?” என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள், அப்புறம் அவளிடம் பேசவே இல்லை.

வேலையை விட்டு ஊருக்கு வந்ததும் ஸ்டெல்லா அம்மைக்குக் கருங்கல்லில் கல்லறை கட்டினாள், தனக்கு ரெத்தினபாயின் வீட்டுக்கு நேர் எதிரே வீடு கட்டினாள். பேசாமல் இருக்கிறோம் என்பது தினமும் தெரிய வேண்டுமென்றால் எதிரெதிரே இருப்பதுதானே வசதி. ஒவ்வொரு டிசம்பரிலும் ரெத்தினபாய் நல்லமிளகு போட்ட கார்டைக் கவரில் போட்டு, தங்கச்சி வீட்டு கேட்டைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, ரப்பர் டிப்போவைத் தாண்டிப் போஸ்ட் ஆபீஸுக்கு நடந்துபோய்ப் போட்டுவிட்டு வருவாள், போஸ்ட்மேன் அதே வழியில் திரும்பி வந்து ஸ்டெல்லா கையில் கொடுப்பார், அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். அவள் வீட்டு நூலில் மட்டும் நல்லமிளகுக் கார்டு ஒருநாளும் தொங்கியதில்லை. அதை அவள் அடுப்பில் வைத்துவிடுகிறாள் என்று ஊரில் பேச்சு. பேச்சென்றால் நான் சொன்னதுதான்.

என் வீட்டுப் பாகலுக்கு வருகிறேன். அது ஜன்னலைத் தாண்டி வேலியைப் பிடித்து ரோட்டில் இறங்கிற்று. ஹெட்மாஸ்டர் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான், ஆனால் அது அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காமல் நேரே போஸ்ட் ஆபீஸுக்குப் போய், வாசல் வழியாக உள்ளே நுழைந்து, கவுண்டரைச் சுற்றி, ஜன்னல் வழியாக வெளியே வந்து, வந்த ரோட்டிலேயே திரும்பி ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போய், அவர் உட்கார்ந்து கார்டு எழுதிய மேஜையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு கார்டும் தான் வந்த வழியே அனுப்பினவரிடம் திரும்பிப் போகிறது. குறுக்குவழி காட்டினால் கேட்காது. ஹெட்மாஸ்டர் ஒரு கோவைக் கொடியை இழுத்துச் சுவரோரமாகத் திருப்பிவிட்டுப் பார்த்தார், கையை எடுத்த உடனே அது நெளிந்து பழைய வழிக்கே போய்விட்டது.

ஏன் முளைத்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்த வருஷத்து ரப்பர் பால் அப்படி என்றார்கள் சிலர், மையில் ஏதோ கலந்துவிட்டாள் என்றார்கள் சிலர். ரெத்தினபாயிடமே கேட்டபோது, “நான் சீல் குத்தினேன், அவ்வளவுதான். முளச்சது எனக்க குத்தமா?” என்றாள். விவசாய ஆபீசர் ஒருவர் வந்து இலையைக் கிள்ளிப் பார்த்து, பூச்சி இல்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, எங்களுக்கு வேறு பிரச்சினைகள் வந்துவிட்டன.

கார்டை வாங்கியவரின் வீட்டில் முளைத்து அனுப்பியவரின் வீட்டில் காய்க்கிற பாவைக்காய், அதாவது பாகற்காய், யாருக்குச் சொந்தம் என்று முதலில் சண்டை வந்தது. சபைக் கமிட்டி கூடி, காய் யார் வீட்டுக்குள் தொங்குகிறதோ அவருக்கு, ரோட்டின்மேல் தொங்குவது பஸ்ஸில் போகிறவர்களுக்கு என்று தீர்த்து வைத்தது. பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கோவைக்காய் பறித்துக்கொண்டே வந்தார், கண்டக்டர் முல்லைக்கொடி ஸ்டாப்பு இறங்கு, சங்குப்பூ ஸ்டாப்பு இறங்கு என்று கூப்பிட ஆரம்பித்தார். கொடியில் துணி காயப்போட்டோம். போஸ்ட்மாஸ்டர் ஸ்ரீகண்டன் சார் நல்ல மனுஷர், வருகிற கொடிகளுக்குக் கதவை விரியத் திறந்து வைத்து, உள்ளே நுழைகிற ஒவ்வொன்றின் இலையிலும் தேதி முத்திரை குத்தி அனுப்பினார், ஆபீஸுக்குள் காய்த்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தீயல் குழம்பு வைத்தார். பிரசன்னா டீச்சருக்குப் பெயர் போடாமல் வந்த கார்டின் முல்லை, போஸ்ட் ஆபீஸுக்குள் போய் முத்திரை வாங்கிக்கொண்டு, நேரே மருந்துக்கடை ஐசக்கின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டது. ஊர் முழுக்க அந்தக் கொடியின் பின்னால் நடந்து போய்ப் பார்த்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் அவர்களுக்குக் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள், வேறு என்ன செய்ய?

இதிலெல்லாம் மானம் போனது கமிட்டிச் செயலாளர் ரசலையனுக்குத்தான். அவர் வீட்டு முன்னறையில் தொங்கிய வெற்றிலைக் கார்டு முளைத்து, போஸ்ட் ஆபீஸ் போய், அங்கிருந்து டாக்டர் வீட்டுக்குப் போனது. ஆகா, டாக்டர் போட்ட கார்டு என்று அவர் மார்பை நிமிர்த்தினார். ஆனால் கொடி டாக்டர் வீட்டில் நிற்கவில்லை. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் போஸ்ட் ஆபீஸ் போய், அங்கிருந்து பாஸ்டர் வீட்டுக்குப் போய், பாஸ்டரம்மாவின் தையல் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் போஸ்ட் ஆபீஸ் போய், கடைசியில் ரசலையன் வீட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே வந்தது. அவர் பாஸ்டருக்குப் போட்டதை பாஸ்டரம்மா சுரண்டி டாக்டருக்குப் போட, டாக்டர் வீட்டில் சுரண்டி இவருக்கே போட்டுவிட்டார்கள்.

“அண்ணைக்கே சொன்னேன், நம்ம போட்ட கார்டு மாதிரியே இருக்குன்னு,” என்றாள் அவர் மனைவி.

“நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?” என்றார் ரசலையன். பாஸ்டரம்மா அந்த வாரம் தலைவலி என்று கோயிலுக்கு வரவில்லை.

இப்படி ஊரில் எல்லா வீடும் எல்லா வீட்டோடும் பச்சையாகக் கட்டுண்டு கிடந்தபோது ஸ்டெல்லாவின் வீட்டிலிருந்து மட்டும் அக்கா பேருக்கு ஒரு இலைகூட வெளியே வரவில்லை. அவள் வீட்டிலும் மற்றவர்கள் போட்ட முல்லையும் கோவையும் முளைத்து வெளியே போயின. நல்லமிளகு இல்லை. ரெத்தினபாய் தினமும் காலையில் எழுந்து, வாசலைப் பெருக்கிவிட்டு, துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து நிற்பாள். முளைத்தால் தங்கச்சி கார்டை வைத்திருக்கிறாள் என்று அர்த்தம், முளைக்காவிட்டால் எரித்துவிட்டாள் என்று அர்த்தம். அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஒருநாள் நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“நல்லமிளகு பையத்தான் வரும் ராசம்மா,” என்றாள், நான் ஒன்றும் கேட்காமலே. “பாகல் மாதிரி ஓடி வராது.”

“ஆமா ஆமா,” என்றேன். எனக்குப் பாவமாக இருந்தது. வருஷா வருஷம் எனக்குப் பாகலையே எடுத்துக் கொடுத்த அந்த அழுத்தக்காரிக்கு இப்படி ஒரு முகம் உண்டென்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜனவரி பாதியில், தவசிமுத்துவுக்குக் கல்லறைத் தோட்டத்தில் களை பறிக்கிற வேலை வந்தது, துணைக்கு நான் போனேன். ரெத்தினபாய், ஸ்டெல்லா அம்மையின் கல்லறையில், தலைமாட்டில், மெழுகுவத்தி வைக்கிற மாடக்குழி ஒன்று உண்டு. அதற்குள் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. டின்னின் மூடியைத் தள்ளிக்கொண்டு, தடித்த இலையோடு, நல்ல பச்சையில், ஒரு நல்லமிளகுக் கொடி வெளியே வந்து கல்லின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. மூடியை எடுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் கவரில் சுற்றி, வருஷா வருஷம் ரெத்தினபாய் போட்ட அத்தனை கார்டும் இருந்தது. ஒன்றிலும் பெயர் சுரண்டவில்லை. மேலே இருந்தது இந்த வருஷத்துக் கார்டு, அதிலிருந்துதான் கொடி கிளம்பியிருந்தது.

ஊரெல்லாம் வந்த கார்டை ஊருக்குள் மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது, ஸ்டெல்லா தனக்கு வந்ததை அம்மைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

“ராசம்மா,” என்றார் தவசிமுத்து. அவர் அப்படிக் கூப்பிட்டால், யாரிடமும் சொல்லாதே என்று அர்த்தம். நான் கல்லறைத் தோட்டத்து கேட்டைத் தாண்டுகிறவரைக்கும் பொறுத்தேன். சாயங்காலத்துக்குள் டாக்டர் வீடுவரை தெரிந்துவிட்டது. ரெத்தினபாய்க்கு நானே போய்ச் சொன்னேன். அவள் சீல் குத்திக்கொண்டிருந்தவள் கையை அப்படியே கார்டின்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவே இல்லை, கடைசியில் அந்தக் கார்டு முழுக்க மை பரவிப் பாழாகிவிட்டது.

“எரிக்கல்லியா?” என்றாள்.

“எரிக்கல்ல.”

“எப்ப வரும்?”

அதுதான் கேள்வி. கல்லறைத் தோட்டத்திலிருந்து ஸ்டெல்லா வீடு, ஸ்டெல்லா வீட்டிலிருந்து போஸ்ட் ஆபீஸ், போஸ்ட் ஆபீஸிலிருந்து ரெத்தினபாய் வீடு. வந்த வழி அதுதான், வேறு வழி அது போகாது. நல்லமிளகோ நிதானக்காரி, ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டுப் பிடித்துப் பார்த்துத்தான் அடுத்த கணு வைக்கும். தினமும் யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னோம், கோயில் மதில் தாண்டிவிட்டது, குருசடி தாண்டிவிட்டது, மில்லுப் பக்கம் ஒரு பலாவில் ஏறிவிட்டு இறங்க மனசில்லாமல் நிற்கிறது என்று. ஸ்டெல்லாவும் அறியாதவளா? அவளுக்கும் யாரும் சொல்லாமல் இருக்கவில்லை. அவள் தன் வாசலைப் பெருக்கும்போது தலையைத் தூக்காமல் பெருக்கினாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஸ்ரீகண்டன் சாருக்கு மேலாபீஸிலிருந்து உத்தரவு வந்தது. தபால் கட்டடத்துக்குள் முளைத்தும் நுழைந்தும் கிடக்கிற செடிகொடிகளையெல்லாம் சனிக்கிழமைக்குள் வெட்டி அப்புறப்படுத்த வேண்டும், இனிமேல் எந்தத் தாவரத்தையும் உள்ளே விடக் கூடாது. சார் எத்தனையோ சொல்லிப் பார்த்தார், முத்திரை குத்தித்தான் அனுப்புகிறேன், கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது என்றார், எடுபடவில்லை. மற்ற கொடிகளெல்லாம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்து காய்த்து ஓய்ந்துவிட்டன, வெட்டினாலும் பாதகமில்லை. நல்லமிளகு மட்டும்தான் இன்னும் வழியில் இருந்தது.

அது வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் பின்னால் வந்தது. சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே போய், அவள் கார்டை வாங்கி வைக்கிற அலமாரியைச் சுற்றி, முன்வாசல் வழியாக வெளியே வந்து, கேட்டின்மேல் ஏறித் தலையைத் தூக்கியது. நல்லமிளகு அத்தனை வேகமாக வளர்ந்து நான் பார்த்ததில்லை, அதற்கும் அவசரம் தெரிந்திருந்ததோ என்னவோ. நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ரெத்தினபாய் தன் ஜன்னலுக்குள் நின்றுகொண்டிருந்தாள். கொடி அவளைப் பார்க்கவே இல்லை. இடதுபக்கம், போஸ்ட் ஆபீஸைப் பார்த்துத் திரும்பியது.

நாங்கள் எல்லாரும் ரோட்டில் நின்றோம். பஸ்ஸும் நின்றது, டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. நாளைக்குப் போஸ்ட் ஆபீஸ் வாசலில் அரிவாளோடு ஆள் நிற்கும், அங்கே வெட்டினால் வெட்டினதுதான், இந்தக் கார்டு எரிந்த கார்டுபோலத்தான். ரெத்தினபாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தங்கச்சியிடம் கேட்க மாட்டாள். கேட்கிற உரிமையை அவளே ஆணி அடித்து மூடிவிட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்டெல்லா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள், முன்கையெல்லாம் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. கேட்டில் நின்று கொடியைப் பார்த்தாள், அது போகிற பக்கத்தைப் பார்த்தாள். பிறகு கொடியின் நுனியைப் பிடித்து, கேட்டிலிருந்து கணுக்கணுவாக ஒரு வேரும் அறாமல் விடுவித்து, ரோட்டைத் தாண்டிக் கொண்டுவந்து அக்காவின் ஜன்னல் கம்பியில் வைத்து அழுத்திப் பிடித்தாள். கையை எடுத்தாள், அது நெளிந்து திரும்பியது. மறுபடியும் பிடித்தாள்.

“எடுத்தா போயிரும்,” என்றாள் ரெத்தினபாய்.

“தெரியும். அதான் பிடிச்சிட்டு நிக்கேன்.”

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். பஸ் கிளம்பிப் போயிற்று. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள், நான் போகவில்லை, பக்கத்து வேலியில் துணி எடுக்கிற மாதிரி நின்றேன், அங்கே என் துணி ஒன்றும் இல்லை. உச்சி வெயில் ஏறும்வரை ரெண்டு பேரும் அப்படியே நின்றார்கள், ஒருத்தி வெளியே, ஒருத்தி உள்ளே, நடுவில் ஜன்னல் கம்பி. ஸ்டெல்லா கை மாற்றப் போனதும் ரெத்தினபாய் உள்ளேயிருந்து ரெண்டு கையையும் நீட்டி அந்தக் கணுவைப் பிடித்துக்கொண்டாள்.

“மழன்னு சொன்னேன்,” என்றாள் ரெத்தினபாய். “மழ இல்ல. எனக்குக் கோவம். அத்தன வருஷம் நான் பாத்தேன், நீ வந்து கடைசியா ஒருக்கா பாத்து அழுதிட்டுப் போனா, ஊரு உன்னத்தான் மகள்னு சொல்லும்னு நெனச்சேன். நீ பாக்காண்டாம்னுதான் மூடச் சொன்னேன். நீ மார்த்தாண்டம் தாண்டினது எனக்குத் தெரியும் பிள்ளே.”

ஸ்டெல்லா முன்கையில் காய்ந்திருந்த தேங்காய்ப்பூவைத் தட்டிவிட்டாள்.

“மழ இல்லேன்னு எனக்கு அண்ணைக்கே தெரியும்,” என்றாள். “ஏர்போர்ட்டுல இருந்து இஞ்ச வாறது வரைக்கும் டாக்சிக்காரன் வைப்பரே போடல்ல.”

ரெத்தினபாய் அழுதாள். கொடியைப் பிடித்த கையை எடுக்க முடியாததால் முகத்தைத் துடைக்கவும் முடியவில்லை, அப்படியே நின்று அழுதாள். ஸ்டெல்லா கம்பிக்குள் கையை விட்டுத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள், அந்தத் துடைப்பில் கொஞ்சம் கோபமும் இருந்தது, அழுத்தித்தான் துடைத்தாள்.

“வருஷா வருஷம் அம்மைக்குக் காட்டுவேன்,” என்றாள். “பாரு, உனக்க மூத்தவளுக்க கைவேலன்னு. அதுக்குமேல எனக்கு ஒண்ணும் சொல்ல வரல்ல.”

சனிக்கிழமை போஸ்ட் ஆபீஸில் எல்லாக் கொடியையும் வெட்டினார்கள், லாரியில் ஏற்றினார்கள், ஆடுகளெல்லாம் லாரியின் பின்னால் ஓடின. ஸ்ரீகண்டன் சார் மட்டும் முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு ரெத்தினபாய் வீட்டுக்கு வந்தார், தபாலில் வர வேண்டிய கொடி முத்திரை இல்லாமல் வந்திருக்கிறதே என்று. ஜன்னலையும், கொடியையும், கொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற கையையும் பார்த்தார். “இது கையில குடுத்ததாக்கும், எங்க கணக்குல வராது,” என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அப்புறம் எத்தனை கிறிஸ்துமஸ் வந்துபோயிற்று. கார்டுகள் அதற்குப் பிறகு முளைக்கவில்லை, ரெத்தினபாய் இப்போதும் சீல் குத்துகிறாள், எனக்கு இப்போதும் பாகல்தான் வருகிறது. ஆனால் அந்தக் கொடியை ரெண்டு பேரும் விடவில்லை. ஒருத்தி சமைக்கப் போனால் மற்றவள் பிடித்துக்கொள்கிறாள், ரெத்தினபாய் சீல் குத்தும்போது ஸ்டெல்லா ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கார்டை மடிக்கிறாள், கோயிலுக்குக்கூட ஒருத்தி காலை ஆராதனைக்கும் ஒருத்தி மாலை ஆராதனைக்கும் வருகிறார்கள். விட்டால் திரும்பிப் போஸ்ட் ஆபீஸ் பக்கம் போய்விடும், அங்கே வெட்டிவிடுவார்கள் என்று ரெண்டு பேருக்கும் பயம். பிடித்துக்கொண்டே பேசுகிறார்கள், பிடித்துக்கொண்டே சண்டையும் போடுகிறார்கள், சண்டை முற்றினாலும் யாரும் எழுந்து போக முடிவதில்லை.

போன வாரம் அந்த ஜன்னல் பக்கம் போனேன். ஸ்டெல்லா நாற்காலியில் கண் அசந்திருந்தாள், கை கொடியிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. கொடி அசையவில்லை. குனிந்து பார்த்தேன். கணுவுக்குக் கணு வேர் இறங்கி, கம்பியைச் சுற்றி, சுவருக்குள் போய், பூச்சுக்குள் இறங்கி, எப்போதோ, நான் நினைக்கிறேன் முதல் வருஷத்திலேயே, பிடித்து நின்றுவிட்டது. அரிவாள் வைத்தாலும் அந்தச் சுவரிலிருந்து அதைப் பிரிக்க முடியாது.

உள்ளேயிருந்து ரெத்தினபாய், “ராசம்மா, அவ தூங்கிட்டாளா? கொஞ்சம் கொடியப் பிடிச்சுக்கோ, நான் இந்தா வாறேன்,” என்று பதறினாள். இனிப் பிடிக்க வேண்டாம் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிடித்துக்கொண்டேன். அவள் வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டதும் வீட்டுக்கு வந்து தவசிமுத்துவுக்குக்கூட ஒன்றும் சொல்லாமல் சோறு வைத்தேன். உங்களிடம் சொல்கிறேன் என்றால் நீங்கள் இந்த ஊர் இல்லை, அவர்கள் ரெண்டு பேரையும் பார்க்கப் போவதில்லை. அப்படிப் பார்த்தாலும் சொல்லிவிடாதீர்கள்.